இலாபம் எனக்கு, பழி கணினிக்கு

லண்டனில் ஃப்ளீட் தெருவை ஒட்டிய ஷூ லேனில், 1960களில் ஆளே இல்லாத கார் நிறுத்துமிடம் ஒன்று புதிதாக வந்தது. வாசலில் சிவப்பு விளக்கு எரியும். கார் கிட்டே வந்ததும் பச்சையாகும். இயந்திரம் ஒரு சீட்டை நீட்டும். 1964இல் அங்கே காரை விட்டுச்சென்ற ட்ரம்பெட் கலைஞர் ஒருவர், அதை எடுக்கத் திரும்பி வந்தபோது நேர்ந்த விபத்தில் பலத்த காயமடைந்தார். காயத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று உள்ளே தூணில் ஒட்டியிருக்கும் நிபந்தனைகளில் எழுதியிருப்பதாக நிறுவனம் வாதாடியது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 1971ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் இடம்பிடித்தது. நீதிபதி டென்னிங் பிரபு சொன்ன காரணம் எளியது. சீட்டுக் கொடுக்க ஓர் ஆள் எதிரே இருந்தால், நிபந்தனை பிடிக்காதவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம். இயந்திரத்திடம் முறையிட்டாலும் திட்டினாலும் அது அசையப் போவதில்லை. ஆகவே, இயந்திரத்தைத் தயாராக வைத்த உடைமையாளரே வாக்குக் கொடுத்தவர் ஆகிறார். சீட்டு வெளியே வந்த பிறகு தெரியவரும் நிபந்தனை வாடிக்கையாளரைக் கட்டுப்படுத்தாது.

அந்த இயந்திரத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இன்று வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் பரீட்சித்துப் பார்க்கும் செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்குத் தெரியும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு நின்றுவிடும் சாட்பாட் அல்ல இந்த முகவர். ஓர் இலக்கைக் கொடுத்தால் அதை எட்டும் படிகளை அதுவே வகுத்துக்கொள்ளும். மின்னஞ்சலைத் திறக்கும், கணக்கைப் பார்க்கும், பணத்தைத் திருப்பி அனுப்பும், சந்தேகம் வந்தால் கணக்கை முடக்கும், வேண்டுமானால் இன்னொரு முகவரிடம் வேலையைப் பிரித்துக் கொடுக்கும். இப்படி எடுக்கப்பட்ட முடிவு தவறானால் யார் பதில் சொல்வது என்ற கேள்வி ஏதோ நாளைய உலகத்துப் புதிர் போலப் பேசப்படுகிறது. அது அவ்வளவு புதியதல்ல. இயந்திரம் சம்பாதித்துக் கொடுக்கும்போது அதைத் தன் கை என்று உரிமை கொண்டாடுவதும், தவறு செய்யும்போது அதை வேறு ஆளாக்கிவிடுவதும் நிறுவனங்களின் பழைய பழக்கம். அந்தப் பழக்கத்துக்குச் சட்டமும் துணைபோனால் என்ன ஆகும் என்பதைப் பிரிட்டன் ஏற்கெனவே ஒரு முறை அனுபவித்திருக்கிறது. அதில் செயற்கை நுண்ணறிவுக்கு இடமே இருக்கவில்லை. இருந்தது ஒரு கணக்கு மென்பொருள்.

ஹொரைசன் என்ற அந்த மென்பொருளை ஐசிஎல் நிறுவனம் உருவாக்கியது. பின்னர் அது ஜப்பானின் புஜிட்சுவோடு ஒன்றானது. 1999 முதல் பிரிட்டனின் தபால் நிலையங்களில் அது நிறுவப்பட்டது. இங்கே தபால் நிலையம் என்றால் பெரும்பாலும் அரசுக் கட்டடம் அல்ல. மளிகைக் கடையின் ஒரு மூலையில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கவுன்டர். அதை நடத்தும் உப தபாலதிபர் சம்பளக்காரரும் அல்ல; போஸ்ட் ஆபீஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட கடைக்காரர். தெற்காசியக் குடும்பங்கள் பலவும் இந்தத் தொழிலில் இருக்கின்றன. கவனக்குறைவாலோ பிழையாலோ ஏற்படும் இழப்புக்கு உப தபாலதிபரே பொறுப்பு என்றது ஒப்பந்தம். நடைமுறையில், திரையில் துண்டு விழுந்தாலே அது அவருடைய கடன் என்று போஸ்ட் ஆபீஸ் எடுத்துக்கொண்டது. துண்டு எங்கே விழுந்தது என்று தேடிப் பார்க்க வேண்டிய பின்புலத் தரவு அவர் கைக்கு எட்டாது. அது புஜிட்சுவிடம் இருந்தது. உதவிக்கு அழைத்தவர்களில் பலருக்குக் கிடைத்த பதில், இப்படிப் புகார் சொல்லும் ஒரே ஆள் நீங்கள்தான் என்பது.

1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டோர் திருட்டு, மோசடி, பொய்க் கணக்கு என்ற குற்றங்களுக்குத் தண்டனை பெற்றார்கள். அவற்றில் ஏறத்தாழ 700 வழக்குகளை நடத்தியது பொலிஸ் அல்ல, போஸ்ட் ஆபீஸே. பாதிக்கப்பட்டதாகச் சொன்னவர், புலனாய்வு செய்தவர், வழக்குத் தொடுத்தவர் மூவரும் ஒருவரே. சரே மாவட்டத்தின் வெஸ்ட் பைஃபிளீட்டில் தபால் நிலையம் நடத்திய சீமா மிஸ்ரா, 74,000 பவுண்டைத் திருடியதாக 2010இல் கில்ட்ஃபோர்ட் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார். கர்ப்பிணியாக இருந்த அவருக்குப் பதினைந்து மாதச் சிறை. தீர்ப்பு வந்ததும், ஹொரைசனைக் குறை சொல்லும் மற்றவர்களை இது தயங்க வைக்கும் என்று போஸ்ட் ஆபீஸ் சட்டப் பிரிவிலிருந்து மகிழ்ச்சியோடு ஒரு மின்னஞ்சல் போனது. பிரிட்லிங்டனைச் சேர்ந்த லீ காசில்டனின் வழக்கு உரிமையியல் வழக்கு. சுமார் 25,000 பவுண்டுத் துண்டுக்காக 2007இல் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமல் தானே வாதாடித் தோற்றார், எதிர்த்தரப்புச் செலவாக 321,000 பவுண்டு கட்டச் சொல்லி உத்தரவானது, திவாலானார்.

இத்தனை நீதிமன்றங்கள் எப்படி ஏமாந்தன? நீதிபதிகள் கணினி அறியாதவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். உண்மையான காரணம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1984ஆம் ஆண்டின் பொலிஸ் மற்றும் குற்றச் சான்றுச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி, கணினி தந்த ஆவணத்தைச் சான்றாகக் கொண்டுவருபவர் அந்தக் கணினி ஒழுங்காக இயங்கியது என்று காட்ட வேண்டும். இது நடைமுறைக்கு ஒத்துவராத சுமை என்று சொல்லி, அதை நீக்கச் சட்ட ஆணையம் 1997இல் பரிந்துரைத்தது. 1999இல் நிறைவேறிய சட்டம் அந்தப் பிரிவை நீக்கியது. 2000 ஏப்ரலில் நீக்கம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் நின்றது பழைய பொது விதி மட்டுமே: மாறாகக் காட்டப்படாதவரை இயந்திரம் சரியாகவே இயங்கியதாகக் கொள்ள வேண்டும். ஹொரைசன் நாடெங்கும் நிறுவப்பட்டுக்கொண்டிருந்த அதே மாதங்களில் இது நடந்தது என்பது தற்செயல்தான். ஆனால் விளைவைப் பாருங்கள். ஷூ லேனில் உடைமையாளரின் கையாக இருந்த இயந்திரம், இப்போது உடைமையாளருக்குச் சாதகமாகச் சாட்சிக் கூண்டில் ஏறுகிறது. அதைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. அது பொய் சொல்கிறது என்று நிரூபிக்கும் சுமை, அதன் உள்ளே எட்டிப் பார்க்கவும் அனுமதியில்லாத கடைக்காரர் மேல்.

பல ஆண்டுகள் கழித்தே கதை மாறியது. முன்னாள் உப தபாலதிபர் ஆலன் பேட்ஸ் தலைமையில் 555 பேர் தொடுத்த கூட்டு வழக்கில் நீதிபதி ஃப்ரேசர் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தார். ஹொரைசனில் கோளாறுகள் இருந்தன, அவற்றால் கிளைக் கணக்குகளில் துண்டு விழக்கூடும், கிளைக்காரருக்குத் தெரியாமலே புஜிட்சு ஊழியர்கள் தொலைவிலிருந்து கணக்கில் பதிவுகளைச் சேர்க்க முடிந்தது என்பதெல்லாம் அப்போதுதான் நீதிமன்றத்தில் நிலைபெற்றன. தொலைவிலிருந்து நுழைய வழியே இல்லை என்று போஸ்ட் ஆபீஸ் பல ஆண்டுகள் மறுத்துவந்தது நினைவிருக்கட்டும். 2021 ஏப்ரல் 23 அன்று ஸ்ட்ராண்டில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் சீமா மிஸ்ரா உள்ளிட்ட 39 பேரின் தண்டனைகளை ரத்துச் செய்தது. கம்ப்யூட்டர் வீக்லி இதழ் 2009இலேயே எழுதிய செய்தி, 2024 ஜனவரியில் தொலைக்காட்சித் தொடராக வந்த பிறகுதான் அரசியல்வாதிகளை உலுக்கியது. அவ்வாண்டு மே மாதம் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி மற்றவர்களில் பெரும்பாலானோரின் தண்டனைகளை ஒட்டுமொத்தமாக நீக்கியது. சர் வின் வில்லியம்ஸ் தலைமையிலான பொது விசாரணையின் அறிக்கையில் முதல் பகுதி 2025 ஜூலை 8 அன்று வெளியானது. குறைந்தது 13 பேரின் தற்கொலையோடு இந்த விவகாரத்துக்குத் தொடர்பு இருக்கலாம் என்கிறது அது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஹொரைசன் ஒரு பழைய கணக்கு மென்பொருள். அதை வைத்து இன்றைய முகவர்களை எடை போடலாமா? போடலாம். வேறுபாடு இருக்கிறது, ஆனால் அது நமக்குப் பாதகமான திசையில் இருக்கிறது. ஹொரைசனின் கோளாறுகள் நிரல் வரிகளில் இருந்தன. நிபுணர் ஒருவருக்குத் தரவும் நேரமும் கிடைத்தால் அவற்றைக் கண்டுபிடித்து மீண்டும் நிகழ்த்திக் காட்ட முடியும். மொழி மாதிரியை அடிப்படையாகக் கொண்ட முகவரிடம் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டால் இரண்டு விதமான பதில் வரலாம். ஏன் அப்படிச் செய்தாய் என்று அதனிடமே கேட்டால் கிடைக்கும் விளக்கம் உண்மையில் நடந்ததை ஒத்திருக்கும் என்ற உறுதியும் இல்லை. அதனால், முடிவெடுத்த கணத்தில் அது எதைப் படித்தது, எந்தக் கருவியை இயக்கியது, எந்த அனுமதியோடு இயக்கியது என்ற பதிவு மட்டுமே எஞ்சும் சாட்சி. அந்தப் பதிவு குற்றம் சாட்டுபவரின் பூட்டிய அறையில் இருந்தால், உப தபாலதிபர்கள் நின்ற இடத்திலேயே நாமும் நிற்போம். கைகள் வேறு அதிகமாகிவிட்டன. அன்று போஸ்ட் ஆபீஸும் புஜிட்சுவும் மட்டுமே ஒன்றையொன்று கைகாட்டின. இன்று மாதிரியைப் பயிற்றுவித்த நிறுவனம் ஒன்று, அதன்மேல் முகவரைக் கட்டிய நிறுவனம் இன்னொன்று, வாங்கிப் பயன்படுத்தும் வங்கி மூன்றாவது, அதற்குக் கட்டளை எழுதிய ஊழியர் நான்காவது.

இயந்திரத்தையே பொறுப்பாளி ஆக்கிவிடலாம் என்று சொல்பவர்களும் உண்டு. நீதிமன்றங்கள் இதற்கு இடம் கொடுக்கவில்லை. கனடாவில் விமானக் கட்டணச் சலுகை பற்றி ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணிக்குத் தவறான தகவல் தந்தது. அந்த சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்ற தொனியில் நிறுவனம் வாதாடியபோது, பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஒதுக்கித்தள்ளி இழப்பீடு கொடுக்கச் சொன்னது. லண்டனில் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் வேறொரு வழியாக இதே இடத்துக்கு வந்தது: டாபஸ் என்ற இயந்திரத்தைக் காப்புரிமையில் கண்டுபிடிப்பாளராகப் பதிய முடியாது, கண்டுபிடிப்பாளர் மனிதராக இருக்க வேண்டும். புகழையே பெற முடியாத ஒன்று பழியை மட்டும் எப்படிச் சுமக்கும்? சொத்தும் இல்லாமல் சிறைக்குப் போக உடலும் இல்லாமல் இருக்கும் ஒன்றின் மேல் பொறுப்பை ஏற்றுவது, பொறுப்பையே இல்லாமல் ஆக்குவதற்குச் சமம்.

இதைவிட மதிக்கத்தக்க பதில், இறுதி முடிவை ஒரு மனிதர் எடுத்தால் போதும் என்பது. அரசுகளும் நிறுவனங்களும் இதைத்தான் விரும்பிச் சொல்கின்றன. நான் இதை நம்பவில்லை. பிரிட்டிஷ் உள்துறை அமைச்சு விசா விண்ணப்பங்களைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரிக்கும் ஒரு கருவியைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியது. பிரிப்பதில் விண்ணப்பதாரரின் நாடும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. முடிவெடுப்பவர் அதிகாரிதானே என்பது அமைச்சின் வாதம். சிவப்பு முத்திரையோடு மேசைக்கு வரும் கோப்பை அந்த அதிகாரி எந்த மனநிலையில் திறப்பார்? குடியேறுவோர் நல அமைப்பு ஒன்றும் ஃபாக்ஸ்குளோவ் அமைப்பும் நீதிமன்றத்தை நாடியதும், தீர்ப்புக்குக் காத்திராமல் 2020 ஆகஸ்டில் அமைச்சு அந்தக் கருவியைக் கைவிட்டது. ஹொரைசன் வழக்குகளிலும் மனிதர்களுக்குக் குறைவே இல்லை: தணிக்கையாளர், புலனாய்வாளர், வழக்கறிஞர், ஜூரி, நீதிபதி. ஒவ்வொருவரும் திரையை நம்பினார்கள்; ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் இருந்தவர் சரிபார்த்திருப்பார் என்றும் நம்பினார்கள். மனிதர் நடுவில் இருந்தால் மட்டும் போதாது. மறுக்கும் அதிகாரமும், மறுப்பதற்கு வேண்டிய தகவலும், அதற்கான நேரமும் அவருக்கு வேண்டும். ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான கோப்புகளை முகவர் தள்ளிவிடும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் ரப்பர் முத்திரைதான்.

அப்படியானால் பொறுப்பு எங்கேதான் வேலை செய்கிறது? பெயர் முன்கூட்டியே எழுதப்பட்ட இடத்தில் வேலை செய்கிறது. ஹேரிங்கே நகராட்சிக்கு எதிரான ஒரு வழக்கிலும், கத்தார் தேசிய வங்கிக்கு எதிரான மற்றொரு வழக்கிலும் இல்லாத தீர்ப்புகளை மேற்கோளாகக் காட்டிய ஆவணங்கள் உயர் நீதிமன்றத்துக்கு வந்தன. வங்கி வழக்கில் காட்டிய 45 மேற்கோள்களில் 18 தீர்ப்புகள் உலகத்திலேயே இல்லை. 2025 ஜூன் 6 அன்று டேம் விக்டோரியா ஷார்ப் தலைமையிலான அமர்வு நீண்ட தத்துவ விசாரணை எதையும் நடத்தவில்லை. ஆராய்ச்சிக்குச் செயற்கை நுண்ணறிவு உட்பட எதைப் பயன்படுத்தினாலும் சரிபார்க்கும் கடமை வழக்கறிஞருடையது, தவறினால் நீதிமன்ற அவமதிப்பு வரை போகலாம் என்று சொல்லி முடித்தது. அதில் குழப்பமே எழாததற்குக் காரணம், வழக்கறிஞர் தொழிலில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் பொறுப்பான ஒருவர் பெயர் இருப்பதுதான்.

வங்கித் துறையிலும் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2008 நெருக்கடியில் வங்கிகள் கவிழ்ந்தபோது தனிப்பட்ட முறையில் யாரும் பொறுப்பாகவில்லை என்ற கோபத்தின் விளைவாக, 2016இல் மூத்த மேலாளர் பொறுப்பு முறை நடைமுறைக்கு வந்தது. இந்தத் துறைக்கு இன்னார் பொறுப்பு என்று வங்கி பெயர் எழுதிக் கண்காணிப்பு அமைப்பிடம் கொடுத்துவிட வேண்டும். 2018 ஏப்ரலில் டிஎஸ்பி வங்கி தன் வாடிக்கையாளர் தரவைப் புதிய கணினி அமைப்புக்கு மாற்றியபோது இலட்சக்கணக்கானோர் தங்கள் கணக்கையே பார்க்க முடியாமல் தவித்தார்கள். 2022 டிசம்பரில் வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. அதோடு நிற்கவில்லை. அந்த அமைப்பைக் கட்டிய வெளி நிறுவனம் தயாராக இருக்கிறதா என்பதைச் சரியாக உறுதிசெய்யவில்லை என்று, தகவல் தொழில்நுட்பத் தலைவராக இருந்த கார்லோஸ் அபார்க்காவுக்கு 2023 ஏப்ரலில் 81,620 பவுண்டு தனிப்பட்ட அபராதம் விழுந்தது. கோளாறு செய்தது மென்பொருள், அதைக் கட்டியது இன்னொரு நிறுவனம் என்பதெல்லாம் அவரைக் காப்பாற்றவில்லை. இரண்டு தண்டனைகளுக்கும் இடையிலுள்ள விகிதமும் எனக்குச் சரியாகவே படுகிறது. ஒரு பெயரை எழுதி வைத்தால் அவரைப் பலிகடா ஆக்கிவிட்டு நிறுவனம் தப்பித்துவிடும் என்பவர்களுக்கு, பெரிய தொகையை நிறுவனமே கட்டியது என்பது பதில்.

நிரூபிக்கும் சுமையை இயந்திரத்தை இயக்குபவர் மேல் மறுபடியும் ஏற்றினால் நீதிமன்றங்கள் நின்றுவிடும் என்பதுதான் மிகக் கனமான மறுப்பு. 1997இல் சட்ட ஆணையம் கவலைப்பட்டதும் இதைப் பற்றித்தான். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவரைப் பிடிக்கும் மூச்சுச் சோதனைக் கருவிக்கெல்லாம் கணினி நிபுணரைக் கூப்பிட்டு நிரூபிக்கச் சொன்னால் எந்த வழக்கும் முடியாது. கவலை நியாயமானது, மருந்துதான் அளவு மீறியது. ஒரே வேலையைச் செய்யும், ஒரே விதமாகச் சோதித்துச் சான்றளிக்கப்பட்ட சிறு கருவியும், இலட்சக்கணக்கான வரிகள் கொண்ட, வாரந்தோறும் மாறும் அமைப்பும் ஒரே விதியின் கீழ் வரத் தேவையில்லை. முதலாவதற்கு அனுமானம் இருக்கட்டும். இரண்டாவதை நீட்டி ஒருவரிடம் பணமோ சுதந்திரமோ பறிக்க விரும்புபவர், பிழைப் பதிவேட்டையும் முடிவுப் பதிவையும் முதலில் மேசையில் வைக்கட்டும். வைக்க முடியாவிட்டால் அந்த முடிவு செல்லாது. செலவு கூடும் என்பது உண்மை. ஆனால் செலவு இன்றும் இருக்கிறது. அதைக் கட்டுபவர் மட்டுமே வேறு. ஆஸ்திரேலியாவில் நலத்திட்ட உதவி பெற்றவர்கள்மேல் கணினி தானாகவே கடன் சுமத்திய ‘ரோபோடெட்’ திட்டத்திலும் இதே கணக்குத்தான். கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர்கள் ஏழைகள். திட்டம் சட்டவிரோதம் என்று தெளிந்தபின் அரசு பணத்தைத் திருப்பிக் கொடுத்தது; அரச ஆணையம் 2023 ஜூலையில் கடுமையான அறிக்கை தந்தது. மிச்சப்படுத்தப் புறப்பட்ட திட்டம் கடைசியில் எவ்வளவு செலவு வைத்தது என்று அந்த நாட்டு நிதியமைச்சிடம்தான் கேட்க வேண்டும்.

பிரிட்டனின் சட்டம் இப்போது இரண்டு திசையிலும் இழுபடுகிறது. கணினிச் சான்று பற்றிய அனுமானத்தை மாற்றலாமா என்று நீதி அமைச்சு 2025 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கருத்துக் கேட்டது. சிறு கருவிகளையும் பெரிய அமைப்புகளையும் பிரித்துப் பார்க்கும் யோசனையும் அதில் இருந்தது. மறுபுறம், 2025 ஜூன் 19 அன்று அரச ஒப்புதல் பெற்ற தரவுப் பயன்பாடு மற்றும் அணுகல் சட்டம், முற்றிலும் தானியங்கியாக எடுக்கப்படும் முடிவுகளுக்கு முன்பிருந்த கடும் கட்டுப்பாட்டைத் தளர்த்துகிறது. உடல்நலம், மதம் போன்ற உணர்திறன் மிக்க தரவு சம்பந்தப்படாத இடங்களில் முகவர்களுக்கு வாசல் அகலத் திறந்திருக்கிறது. பதிலுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு, பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர் கேட்டால் மட்டுமே உயிர்பெறும் வகையைச் சேர்ந்தது: முடிவைப் பற்றிய தகவல், தன் தரப்பைச் சொல்லும் வாய்ப்பு, மனிதர் ஒருவரின் தலையீடு, முடிவை எதிர்த்து வாதிடும் உரிமை. கேட்கத் தெரியாதவருக்கு இதனால் பயனில்லை. ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தயங்கும் எத்தனையோ தமிழ்ப் பெற்றோர் லண்டனில் இருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது, இந்தப் பாதுகாப்பு போதாது என்றே சொல்வேன். ஒவ்வொரு முகவரையும் வேலைக்கு விடும் முன்பே அதற்குப் பொறுப்பான மேலாளரின் பெயரைப் பதிந்து வைப்பதும், பாதிக்கப்பட்டவர் கேட்காமலேயே முடிவுப் பதிவை அவருக்குக் கொடுப்பதும் சட்டக் கடமையாக வேண்டும்.

அது வரும்வரை இருப்பதையாவது பயன்படுத்துவோம். வங்கிக் கணக்கு முடங்கினாலோ, காப்பீடு மறுக்கப்பட்டாலோ, வேலை விண்ணப்பம் நள்ளிரவில் இரண்டு நிமிடத்தில் நிராகரிக்கப்பட்டாலோ, தொலைபேசியில் வாதாடிக்கொண்டிருக்காமல் எழுதிக் கேளுங்கள்: இந்த முடிவை இயந்திரம் மட்டும் எடுத்ததா, அதற்குப் பொறுப்பான மனிதர் யார், என்னைப் பற்றி வைத்திருக்கும் தரவும் பதிவும் எங்கே? தனிப்பட்ட தரவைக் கேட்டு எழுதினால் நிறுவனம் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும், கட்டணம் வாங்கக் கூடாது. பதில் வராவிட்டால் தகவல் ஆணையர் அலுவலகத்தில் முறையிடலாம். அதற்கும் கட்டணம் கிடையாது.